இரண்டு விரல் நிற்கும்போது

உனக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் எழுதுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்தேன், உன் காதில் ஏறவில்லை. மிச்சமிருப்பது இந்தக் காகிதம்தான்.

சென்ற வாரம் காலை வண்டியில் சென்னைச் செய்தித்தாள் வந்தது. வழக்கம்போல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள முத்துவின் டீக்கடையில் அதை என் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிஞ்சிய உத்தியோகம் அது ஒன்றுதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. உலகத்திலேயே பெரிய எடைக்காரர்களுக்கான குத்துச்சண்டையில் ஆண்டுக் கணக்காக யாருக்கும் தோற்காத ஒருவன், பேர் தெரியாத ஒருவனிடம் விழுந்துவிட்டானாம். மறு சண்டை உண்டா இல்லையா என்று அமெரிக்காவே பேசிக்கொண்டிருக்கிறதாம். அவர்களுடைய பெயர்களை எங்கள் கடையில் யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் 'விழுந்தவன்', 'ஜெயிச்சவன்' என்று வைத்துக்கொண்டோம்.

"இன்னொரு தபா வுடணும் வாத்தியாரே. ஒரு குத்துல தீந்துடுமா?" என்றான் கரும்பு வண்டிக்காரன்.

"எதுக்கு வுடணும்? வுழுந்தான்னா வுழுந்தான். மாடு வுழுந்தா இன்னொரு தபா ஏர்ல பூட்டறியா?" என்றார் முத்து.

"பூட்டத்தான் பூட்டறேன். உன்ன மாதிரி டீயில தண்ணியா ஊத்தறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் கோவிந்தசாமி பேசினார். ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், நம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். "இதெல்லாம் நம்மூர்லயே பாத்தாச்சு. ஒதியம்பட்டான் ஒருத்தன் இருந்தானே, போன மாசில செத்துப்போனானே, அவன் வுழலடா. முட்டி போட்டு ஒக்காந்து சிரிச்சான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். வெல போனவன்."

நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். 

இருபத்தைந்து வருடமாக நான் செய்துவருவது இதுதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. யாராவது உன்னைப் பற்றி அந்தப் பேச்சை எடுப்பார்கள், நான் எழுந்து வந்துவிடுவேன். உனக்காகக் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லும்போது முதலில் கையால் தொடக்கூடிய ஒன்றைக் காட்டிவிட்டுத்தான் விதியைச் சொல்லுவேன். இதையும் அப்படியே தொடங்குகிறேன். நீயும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். சின்ன வயதில் காதில் சீழ் வைத்து உனக்குக் கேள்வி மந்தம். வாத்தியார் கேட்பது உனக்குக் கேட்காது. பதில் சொல்லாததற்கு அடி விழும். அதனால் நான் பத்து விரலையும் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு, விடை எத்தனையோ அத்தனை விரலை மடக்கிக் காட்டுவேன். ஏழு என்றால் ஏழு மடங்கியிருக்கும், மூன்று நிற்கும். நீ ஓரக்கண்ணால் நிற்கிற மூன்றைப் பார்த்து "ஏழு" என்று கத்துவாய். மடங்கியதை எண்ணுவதைவிட நிற்பதைப் பார்ப்பது சுலபம் என்று கண்டுபிடித்தவன் நீதான். இரண்டாம் வகுப்போடு நீ நின்றுவிட்டாய். விரல் கணக்கு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் நீ நின்றால் எத்தனை கட்டு கரும்பு என்பதை இக்கரையிலிருந்து விரலால் கேட்பேன், விரலால் சொல்லுவாய்.

பிறகு நீ துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனாய். கப்பல்காரர்கள் கடற்கரை மணலில் கையுறை மாட்டிக் குத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்து, கொல்லையோரப் பூவரச மரத்தில் உமி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்த ஆரம்பித்தாய். முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "உமி உன்னை என்னடா செய்தது?" என்று கேட்டேன். உனக்குக் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்த பிறகு நான் மறுபடி கேட்கவில்லை. வேறு எங்கேயும் நீ அப்படி முழுசாக நின்று நான் பார்த்ததில்லை.

திருவிழாக்களில் பந்தயம் வைத்தார்கள். விழுந்தவனுக்குப் பத்து எண்ணும் வேலை எனக்கு, உனக்கு எதிரே நின்று இரண்டு கையையும் தூக்கி ஒவ்வொரு விரலாக மடக்குவேன். நீ விழுந்தால் உடனே எழ மாட்டாய். ஒரு முட்டியை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு என் கையையே பார்ப்பாய். எட்டு மடங்கி இரண்டு நிற்கும்போது எழுவாய். பத்தில் எட்டை ஓய்வுக்கு எடுத்துக்கொள்கிற சாமர்த்தியம் அந்தப் பக்கத்தில் வேறு எவனுக்கும் கிடையாது. "அவசரம் இன்னாத்துக்கு வாத்தி? வெரல் நிக்கிற வரைக்கும் நேரம் இருக்குது" என்பாய்.

மூன்று வருடம் தொடர்ந்து புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை விழாவில் பெரிய எடைக்காரர்களில் நீதான் முதல்வன். நம் வில்லியனூரில் உனக்கு மேளம் அடித்தார்கள். அந்த மூன்று வருடத்தில் நகரத்து மேடையில் நீ ஒருமுறைகூட விழவில்லை. விழாததால் நமக்கு ஒரு விஷயம் தெரியாமலே போய்விட்டது.

நாலாவது வருடம். உன்னோடு மோத வேண்டியவனுக்குக் காய்ச்சல். கடைசி நேரத்தில் துறைமுகத்திலேயே மூட்டை தூக்குகிற ஒருவனை மேடையில் ஏற்றினார்கள். அவன் பேரைக் கேட்டுக் கூட்டம் சிரித்தது. இரண்டாவது சுற்றில் அவன் இடது கை உன் தாடையில் விழுந்தது. நீ முட்டி போட்டாய். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். கையைத் தூக்கினேன். அதே நொடியில் எனக்கு முன்னாலிருந்த இரண்டு வரிசையும் எழுந்து நின்றுவிட்டது. உன் கண் என்னைத் தேடியது தலைகளின் இடைவெளியில் எனக்குத் தெரிந்தது. என் கை உனக்குத் தெரியவில்லை.

நடுவர் ஒரு வெள்ளைக்காரர், நம் பேச்சில் 'முசே'. கூட்டத்தின் இரைச்சலில் குரல் எடுபடாது என்று அவரும் விரலால்தான் எண்ணினார். ஆனால் அவர்கள் மடக்குவதில்லை. மூடிய கையிலிருந்து கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரிக்கிறார்கள். முதல் நாலு எண்ணிக்கை உனக்கு என்னைத் தேடுவதிலேயே போயிற்று. அவர் பக்கம் திரும்பியபோது ஐந்து விரல் நின்றது. நம் கணக்கிலும் ஐந்து, அவர் கணக்கிலும் ஐந்து. இரண்டு கணக்கும் ஒன்றாக நிற்கிற ஒரே இடம் அது. அதற்குப் பிறகு ஆறு நின்றது, ஏழு நின்றது. மடங்க வேண்டிய விரல் எழும்பிக்கொண்டே போகிறதே என்று நீ விழித்தது எனக்குத் தெரிந்தது. "எழுந்திருடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரிடம் கத்தினேன்! பத்து விரலும் விரிந்து நின்றபோது, இவர் இன்னும் எண்ணவே தொடங்கவில்லை என்று நினைத்தாய். அவரைப் பார்த்துச் சிரித்து, ஆரம்பிக்கலாம் என்பதுபோல் தலையாட்டினாய்.

அந்தச் சிரிப்பைத்தான் ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

திரும்பி வரும் வழியில் வண்டியில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "எழுந்துக்கலாம்னு ஒக்காந்திருந்தேன் வாத்தி. அதுக்குள்ள ஏன் அவன் கையத் தூக்கிட்டாங்க?" நான் உன் எதிரே கையை மூடி ஒவ்வொரு விரலாக விரித்துக் காட்டினேன். நீ நெடுநேரம் என் கையையே பார்த்தாய். பிறகு வாய்விட்டுச் சிரித்தாய். அழுவாய் என்று நினைத்தேன். "அடப்பாவி முசே! இதச் சொன்னா வுடுவாங்க, இன்னொரு தபா" என்றாய்.

ஊர் அப்படிச் சிரிக்கவில்லை. வெற்றிலையில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஒரு வாரம் பேசினார்கள். கண்ணேறு என்று ஒரு வாரம். மூன்றாவது வாரம் 'வெல போனான்' என்ற சொல் வந்தது. வந்தது போகவில்லை. ஜெயித்தவனையும் அது விடவில்லை. அவனும் யாரோ ஏற்பாடு செய்து வைத்த ஆள் என்றார்கள். செவ்வாய்ச் சந்தையில் அவன் உன்னைத் தேடி வந்தது நினைவிருக்கிறதா? மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நீங்கள் இரண்டு பேரும் நின்றதைப் பார்த்ததும், அங்கேயே மறு சண்டை நடக்கப் போகிறது என்று கூட்டம் கூடிவிட்டது.

"அண்ணே, நீ எழுந்துப்பேன்னு நான் கையத் தூக்கிக்கினே நின்னேன். என்னாண்ட இன்னா கொற கண்டே?" என்றான் அவன்.

நான் உனக்கு விரலாலும் உதட்டாலும் சொன்னேன். நீ அவன் தோளில் கை போட்டாய். "கொற உன்னாண்ட இல்லடா தம்பி. எனக்கு எண்ணத் தெரியல. மறுபடி நிப்பமா?"

"நிப்போம்" என்றான். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

விழாக் குழு மறு சண்டைக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் நினைவு தப்பாமல் இருந்தவன் ஏன் எழவில்லை என்பதற்குக் காரணம் சொல்லிப் பிரெஞ்சில் ஒரு மனு வேண்டும் என்றார்கள். வில்லியனூரில் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவர்கள் ஒரு கையில் அடங்குவார்கள். உனக்கு என்னை விட்டால் யார்?

பள்ளி விட்ட பிறகு வந்தாய். பிள்ளைகள் உட்காரும் பலகையில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு சொன்னாய், சொல் சொல்லாக: "நானும் எங்கூர் வாத்தியும் சின்ன வயசுலேர்ந்து வெரல மடக்கித்தான் எண்ணுவோம். அவுரு காட்டித்தான் நான் எழுந்துப்பேன். அன்னிக்கி முசே வெரல விரிச்சிட்டாரு. வேறொண்ணுமில்ல. எழுது."

நான் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழுவில் பள்ளிக்கூடங்களை மேற்பார்வையிடும் அதிகாரியும் ஒருவர். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டும். நீ சொன்னதை அப்படியே எழுதினால், அவர் மேசையில் அது எப்படிப் படிக்கப்படும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வில்லியனூர் வாத்தியாருக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியாது. அவர் சொல்லிக்கொடுத்த கணக்கில் ஒருவன் பட்டத்தை இழந்தான். அவர்கள் சிரிக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

'தாடையில் அடி விழுந்ததும் தலை சுற்றியதால் எழ முடியவில்லை' என்று எழுதினேன்.

அது ஒரு கௌரவமான காரணம் என்று நினைத்தேன், சத்தியமாக. அடி விழுந்தால் யாருக்கும் தலை சுற்றும். உனக்கும் இழுக்கில்லை, எனக்கும் இழுக்கில்லை. "எல்லாத்தையும் எழுதினியா?" என்று கேட்டாய். தலையாட்டினேன். என் மைக்கூட்டில் கட்டை விரலைத் தோய்த்துக் கைநாட்டு வைத்தாய். மை சட்டையில் பட்டுவிடாமல் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டே வாசல் வரை போனாய்.

பதில் ஒரு மாதத்தில் வந்தது. உறை பிரிக்காமல் என்னிடம் கொண்டு வந்தாய். தலைசுற்றல் உள்ளவனை மேடை ஏற்றுவதை மருத்துவர் அனுமதிக்க மாட்டார், இனி எந்த ஆண்டும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை என்று இருந்தது. அதை நான் மூன்று முறை படித்தேன். நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இந்த வருஷம் முடியாதாம்" என்றேன்.

"அவ்ளோதானா? அடுத்த வருஷம் வருதில்ல" என்றாய்.

அன்றைக்காவது நான் இன்னொரு மனு எழுதியிருக்கலாம். அடுத்த நாள் எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு வேலை நிரந்தரமானது. நிரந்தரமான பிறகு, முதல் மனு பொய் என்று எழுதுவதற்கு இன்னும் பெரிய தைரியம் வேண்டியிருந்தது.

நீயோ பூவரச மரத்தடியில் உமி மூட்டைக்கு எதிரே முட்டி போட்டு, என்னைக் கையை மூடி விரிக்கச் சொன்னாய். புதுக் கணக்குப் பழகினாய். எட்டு விரல் நின்றால் எழ வேண்டும். பழக்கதோஷத்தில் இரண்டாவது விரலிலேயே துள்ளி எழுந்து உன்னையே திட்டிக்கொள்வாய். மறுபடி முட்டி போடுவாய். வராது என்று எனக்குத் தெரிந்த ஒரு சண்டைக்காக இரண்டு வருடம் உன் எதிரே நின்று விரல் விரித்தேன். எந்த வேலைக்கும் என் கை அப்படிக் கனத்ததில்லை.

ஜெயித்தவன் ஏதோ கப்பலில் வேலை கிடைத்து ரெயூனியன் தீவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அன்று நீ மூட்டையை அவிழ்த்து உமியைக் களத்தில் கொட்டினாய்.  அதற்குப் பிறகு கரும்பு, நெல், மகள் கல்யாணம். பெண் பார்க்க வந்த முதல் இடம் 'வெல போனவன் வூட்டுப் பொண்ணா?' என்று திரும்பிப் போனதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன் மனைவி சொன்னாள்.

மாசியில் நீ படுத்துவிட்டாய் என்று கேட்டு ஒதியம்பட்டில் உன் வீட்டுக்கு வந்தேன். வெயில் ஏறாத காலை. உன் மார்பு உமி கொட்டிய மூட்டையைப்போல் காலியாகிக் கிடந்தது. சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். உன் காதருகே குனிந்து மனு, தலைசுற்றல், பதில் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்படியிலிருந்து உன் மனைவி, "உரக்கச் சொல்லுங்கண்ணா, உங்க சிநேகிதருக்கு இப்ப அடியோட கேக்கறதில்ல" என்றாள். உரக்கச் சொன்னால் அவளுக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்கும். என் குரல் இன்னும் தாழ்ந்துபோயிற்று.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "இன்னா சொல்றே வாத்தி? வெரல்ல காட்டு."

எல்லாக் கணக்கையும் உனக்கு விரலால் சொல்லியிருக்கிறேன். இதைக் காட்ட விரலில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நீ நிற்கிற பத்து விரலையும் பார்த்தாய். பல்லில்லாத வாயால் சிரித்தாய்.

"நேரம் இருக்குதுன்றே" என்றாய்.

தலையாட்டினேன். உனக்கு நான் சொன்ன கடைசிப் பொய் அது. இரண்டு நாள்கூட இருக்கவில்லை.

இவ்வளவும் உனக்குச் சொல்ல வேண்டியது. இனி நேற்று நடந்தது.

நேற்றுக் காலை கடைக்குப் போனேன். முத்து செய்தித்தாளை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "கோவிந்தசாமி, கையைத் தூக்குங்கள், பத்து வரைக்கும் எண்ணுங்கள்" என்றேன்.

"இன்னா வாத்தியாரே, இந்த வயசுல பரீட்சையா?" என்று சிரித்தார். ஆனாலும் தூக்கினார். சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே போனார். எட்டு வந்ததும் "நிறுத்துங்கள்" என்றேன். இரண்டு விரல் நின்றது.

"இப்போது எத்தனை?"

"எட்டு."

வண்டிக்காரனிடம் திரும்பினேன். "காது கேட்காதவன் மாதிரி பார். வெள்ளைக்காரன் மூடிய கையை விரித்து எண்ணுவான். அந்தக் கணக்கில் அவர் காட்டுவது எத்தனை?"

அவன் நிற்கிற விரல்களை எண்ணினான். "ரெண்டு" என்றான். பிறகு தன் கையைப் பார்த்தான். முத்துவும் குவளையை வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் மடக்கினார்கள். விரித்து எண்ணியவர் ஒருவர்கூட இல்லை.

கோவிந்தசாமியின் இரண்டு விரல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. "அப்ப அவன் சிரிச்சது..." என்றார்.  கையை மெல்ல இறக்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பேரோடு வீடு திரும்பியிருப்பேன். மனுவைச் சொன்னேன். பதிலைச் சொன்னேன். கடை முழுவதும் கேட்கும்படி, வகுப்பில் பேசுவதுபோல் சொன்னேன்.

"அப்போ இன்னொரு சண்ட வராம போனது உன்னாலயா?" என்றார் கோவிந்தசாமி. இத்தனை வருடத்தில் அவர் என்னை 'உன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆமாம்" என்றேன்.

முத்து டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியிலிருந்த செய்தித்தாளை யாரும் படிக்கச் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் வண்டிக்காரன் அதை எடுத்துக்கொண்டு போய், எழுத்துக் கூட்டி, தானே படிக்கத் தொடங்கினான். அமெரிக்காக்காரனுக்கு மறு சண்டை கிடைத்ததா என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

அங்கிருந்து ஒதியம்பட்டுக்கு நடந்தேன். உன் மனைவி களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலால் நெல்லைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். களத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இத அன்னிக்கிக் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம் அண்ணா" என்றாள்.

 மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இன்று கடைக்குப் போகவில்லை. வீட்டில் நான் மட்டும். நீ போய் எத்தனை மாதம் என்று பார்க்கக் கையை விரித்து, மடக்கினேன். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. ஐந்து மடங்கியிருக்கிறது, ஐந்து நிற்கிறது. அந்த நடுவர் பார்த்தாலும் நீ பார்த்தாலும் இன்றைக்கு ஐந்துதான். இரண்டு கணக்கும் ஒன்றாக நிற்கிற அந்த இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆவணி பிறந்தால் நான்கு விரல்தான் நிற்கும். எதிரே நின்று அதை ஆறு என்று கத்த யாருமில்லை.